சுமை சைக்கிள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேரள-தமிழக எல்லையில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் சைக்கிளில் சுமை ஏற்றிச் செல்வது எவருக்கும் புதிதன்று. இளநீர்க் குலைகளையும் பால் கேன்களையும் பின்கேரியரின் இருபுறமும் தொங்கவிட்டு, பழைய டயர் டியூபை நீளமாக வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகும் கறுப்பு நிற டபுள் பார் சைக்கிளை இந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். அண்மைக் காலத்தில் இதே வேலைக்கென்று ‘கார்கோ பைக்’ என்ற பெயரில் பலவகை வண்டிகள் விளம்பரங்களில் தென்படத் தொடங்கியுள்ளதால், மொபெட்டுக்குப் பெட்ரோல் ஊற்றிச் சலித்த சிறு வியாபாரிகளும், கடைக்கும் தோட்டத்துக்கும் தினமும் போய்வரும் குடும்பத்தினரும் அவற்றைப் பற்றி விசாரிக்கின்றனர். அப்படி முதல்முறையாக வாங்க நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஓட்டுபவரின் எடைக்கு மேல் கணிசமான எடையை நாள்தோறும் சுமப்பதற்கென்றே பிரேம், சக்கரம், பிரேக், ஸ்டாண்டு ஆகிய நான்கும் அமைக்கப்பட்ட சைக்கிளையே சுமை சைக்கிள் என்கிறோம். சாதாரணச் சைக்கிளிலும் கேரியர் இருக்கிறதே என்று கேட்கலாம். கேரியர் எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. சாதாரணச் சைக்கிளில் கேரியரின் பின்பாதி, பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஐம்பது கிலோ மூட்டையை வைத்தால் முன்சக்கரத்தின் மீதுள்ள எடை குறைந்து, ஹேண்டில்பார் கைக்குள் நிற்காமல் ஆடத் தொடங்கும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழுவதும் உண்டு. சுமையை இரண்டு அச்சுகளுக்கும் இடையில், முடிந்தவரை தாழ்வாக அமர்த்துவதே சுமை சைக்கிளை வடிவமைப்பவர்கள் அனைவரும் நாடும் நோக்கம். பலவகை வண்டிகளும் இந்த ஒரே நோக்கத்தை அடைய எடுத்துக்கொண்ட வெவ்வேறு வழிகள்தாம்.

முதலில் சுமையைக் கணக்கிடுதல்

வண்டியைத் தேடுவதற்கு முன் சுமையை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக, வண்டியின் படத்தைப் பார்த்து மயங்கிய பிறகே அதில் எதை ஏற்றலாம் என்று யோசிக்கின்றனர். நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பொருள்களின் எடை நாம் நினைப்பதிலிருந்து பெரும்பாலும் மாறுபட்டே இருக்கும். வீட்டு எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு உள்ளது; இரும்பு உருளையின் எடையும் சேர்ந்தால் அது 30 கிலோவை நெருங்கிவிடும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல். அரிசிச் சிப்பம் 25 கிலோ, மாட்டுத்தீவன மூட்டை 50 கிலோ. நாற்பது லிட்டர் பால் கேன் நிறைந்திருந்தால் பால் மட்டுமே 41 கிலோ இருக்கும், கேனின் எடை தனி. பக்கத்துக்கு ஒரு கேனாகத் தொங்கவிட்டுப் பால் சங்கத்துக்குப் போகிறவர் ஒரு பெரிய ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதைவிட அதிக எடையை இழுக்கிறார்.

எடைக்கு அடுத்தது பருமன். வைக்கோலும் தென்னை மட்டையும் எடை குறைந்தவை, ஆனால் அகலமானவை. எதிர்வரும் பேருந்துக்கு வழிவிடும்போது உரசும். எரிவாயு சிலிண்டர் இவற்றுக்கு எதிர்மாறானது: இடத்தை அடைக்காது, ஆனால் உருண்டு நகரும், எடை முழுவதையும் ஒரே புள்ளியில் இறக்கும். பாத்திரங்களில் ததும்பும் நீர்மப் பொருள் இன்னொரு வகை, அது வளைவில் பக்கவாட்டில் மோதி வண்டியைச் சாய்க்கும். குழந்தைகளை ஏற்றிச் செல்வது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது, ஏனெனில் அந்தச் சுமை தானாக அசையும், காலை நீட்டும், இறங்க நினைக்கும். உங்கள் சுமை இவற்றில் எது, அல்லது எந்தெந்த நாளில் எது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டால், சந்தையில் கிடைக்கும் வண்டிகளில் பாதியை அந்தத் தாளே விலக்கிவிடும்.

எடையைவிட மேடும் காற்றும்

தொடக்கநிலையில் இருப்பவருக்கு மிகவும் வியப்பளிக்கக்கூடிய செய்தி இதுதான்: சமதரையில் சுமை ஓட்டுபவரை அவ்வளவாகக் களைப்படையச் செய்வதில்லை. கணக்கு எளிது. ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 20 கிலோ, சுமை 70 கிலோ, ஆக மொத்தம் 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில், காற்றடைப்பு சரியாக உள்ள டயரில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, டயரின் உருளல் தடைக்கும் காற்றின் தடைக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய 50 வாட் ஆற்றல் போதும். சுமை இல்லாமல் அதே வேகத்துக்கு 35 வாட் அளவில் தேவைப்படும். எழுபது கிலோவைக் கூடுதலாக இழுப்பதற்குக் கால்கள் தரும் விலை வெறும் 15 வாட்தான். நல்ல உடல்நலமுள்ள ஒருவர் அதிகம் மூச்சு வாங்காமல் நெடுநேரம் தரக்கூடிய ஆற்றல் 75 முதல் 100 வாட் வரை இருக்கும் என்பதால், இது அவரது எல்லைக்குள்ளேயே அடங்குகிறது.

மேட்டில் கதை மாறுகிறது. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் ஒரு பால ஏற்றத்தில் அதே 150 கிலோவை அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, மேட்டுக்கென்று மட்டும் 200 வாட் அளவுக்குக் கூடுதலாக வேண்டும். எந்தச் சாதாரண ஆளாலும் இதை நீண்ட நேரம் தர முடியாது. ஆகவே அவர் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். மேட்டில் எடை ஒவ்வொரு கிலோவாகக் கணக்குக் கேட்கும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியும் பொள்ளாச்சிச் சமவெளியும் பெருமளவு தட்டையானவை என்பதால் இந்த வட்டாரம் சுமை சைக்கிளுக்கு வாய்ப்பானது. கால்வாய்ப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தாம் இங்கே மேடுகள். நெல்லியாம்பதிப் பக்கமோ வால்பாறைப் பக்கமோ இருப்பவர், மோட்டார் உதவி இல்லாத சுமை சைக்கிளை நினைத்தே பார்க்க வேண்டாம்.

இங்கே மேட்டின் இடத்தைப் பிடிப்பது காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாய் வழியாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று பாய்கிறது. உடுமலை வட்டாரத்திலும் கஞ்சிக்கோட்டிலும் காற்றாலைகளை நட்டது இந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பேச்சை இந்த ஊர்க்காரர்கள் வெறும் பழமொழியாக எடுத்துக்கொள்வதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது, சமதரையில் 12 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கவே காற்றுக்கென 95 வாட் வரை தேவைப்படுகிறது. எழுபது கிலோ சுமையைக் காட்டிலும் வெறும் காற்று பலமடங்கு அதிகமாக இழுத்துப் பிடிக்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் சரக்கு எடுத்து மேற்கு நோக்கி வீடு திரும்புகிறவருக்கு இது தினசரி அனுபவம்: போகும்போது வெறும் வண்டி, முதுகில் காற்று, வரும்போது நிறைந்த வண்டி, முகத்தில் காற்று. ஆகவே உயரமான பெட்டியும் மழைமறைப்பும் பொருத்திய வண்டியை வாங்கும்போது, அந்தப் பெட்டியின் முகப்பு ஒரு பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தட்டையான மேடையும் தாழ்வான கட்டும் இந்த வட்டாரத்துக்கு எப்போதும் மேல்.

வண்டி வகைகள்

முதல் வகை, நமக்குத் தெரிந்த டபுள் பார் சைக்கிளே. 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல டயரும் கொண்ட இதன் பின்சக்கரத்தில் வழக்கமாக 40 கம்பிகளும் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் இருக்கும். கம்பிகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் அந்த எடையைக் கம்பிகளே பங்கிட்டுத் தாங்குகின்றன. இதன் பிரேமும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் என்ற கவையும் மெல்லிரும்புக் குழாய்களால் ஆனவை. வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் கண்டால் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே ஒட்டலாம். லூதியானாவின் ஹீரோ, ஏவான் நிறுவனங்களும், 1949இல் தொடங்கப்பட்ட சென்னை டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் இவ்வகையில் பழக்கமானவை. அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத் ஆலையை 2020 ஜூனில் மூடிய பிறகும் அதன் பழைய வண்டிகள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது இந்த வடிவத்தின் ஆயுளைச் சொல்லும்.

இரண்டாவது வகை, பின்பகுதி நீட்டப்பட்ட வண்டி. இதனை லாங்டெயில் என்பர். பின்சக்கரத்தைச் சில சாண் பின்னுக்குத் தள்ளி அமைத்திருப்பதால், கேரியர் நீளமாவதோடு சுமை முழுவதும் அச்சுகளுக்கு இடையிலேயே அமர்கிறது. ஓட்டும் முறை சாதாரணச் சைக்கிளைப் போன்றதே, புதிதாகப் பழக வேண்டியதில்லை. இரண்டு குழந்தைகளையோ, இருபுறமும் இரண்டு பெரிய பைகளையோ, நடுவில் ஒரு மூட்டையையோ இது ஏற்கும். தொடக்கநிலையில் உள்ள ஒருவர், பணமும் கிடைக்கும் வாய்ப்பும் இருந்தால், இவ்வகையை முதலில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது வகை, ஓட்டுபவருக்கு முன்னால் பெட்டி உள்ள இரண்டு சக்கர வண்டி. டென்மார்க்கில் 1920களில் தோன்றிய இந்த வடிவத்தில், சிறிய முன்சக்கரம் வெகுதூரம் முன்னே தள்ளப்பட்டு, ஒரு நீண்ட கம்பியால் ஹேண்டில்பாருடன் இணைக்கப்பட்டிருக்கும். சுமை முழங்கால் உயரத்தில், கண்ணெதிரே இருக்கும். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் நிலைப்பாடு மிக நன்று. ஆனால் நீளம் இரண்டரை மீட்டர் அளவுக்கு வரும். ஐரோப்பாவில் மின்மோட்டாருடன் கூடிய இவ்வகை வண்டிகள் பல ஐயாயிரம் யூரோவுக்கு மேல் விற்கப்படுகின்றன. இங்கு வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். படத்தில் பார்க்க மிக அழகான வண்டி என்பதை மறுக்கவில்லை. அதன் முன்சக்கர டயரோ இணைப்புக் கம்பியோ கெட்டால் கொழிஞ்சாம்பாறையில் யார் மாற்றுவார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, அந்த அழகைப் படத்திலேயே ரசிப்பது சிக்கனம்.

நான்காவது வகையான மூன்று சக்கர வண்டியில் நம்மவருக்கு நீண்ட பழக்கம் உண்டு. சென்னையின் மீன்பாடி வண்டி முன்புறம் மேடை கொண்டது. பின்புறம் மேடை கொண்ட டிரைசைக்கிள் எல்லா ஊர்ச் சந்தையிலும் உண்டு. கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா குடியிருப்பில் 1984இல் உருவான முன்பெட்டி மூன்று சக்கர வண்டி, அந்நகரக் குடும்பங்களின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. மூன்று சக்கர வண்டியின் பெரும் நன்மை, நின்றிருக்கும்போது விழாது. நூறு கிலோவுக்கு மேலும் ஏற்றலாம். நிறுத்தி நிறுத்தி வியாபாரம் செய்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. தீமை, வளைவில் சாய்ந்து கொடுக்காது. இரண்டு சக்கர வண்டி வளையும் பக்கம் சாய்ந்து எடையைச் சமன் செய்யும். மூன்று சக்கர வண்டி நிமிர்ந்தே இருப்பதால், வேகமாகத் திரும்பினால் உட்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டு கவிழும். ஓரம் சரிந்த கிராமச் சாலைகளில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்குமேல் செல்ல விரும்புபவருக்கு இது உகந்ததன்று.

இவை தவிர, இருக்கும் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை மட்டும் பெருஞ்சுமை உள்ளவர், தனி வண்டி வாங்குவதற்குப் பதிலாக இதை ஒரு பட்டறையில் செய்து வாங்கிக்கொள்ளலாம்; மற்ற நாள்களில் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

பணம் செல்ல வேண்டிய இடங்கள்

எந்த வகையாயினும், முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும். 150 கிலோ மொத்த எடையுடன் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்த, சுமையற்ற வண்டியை நிறுத்துவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். பழைய டபுள் பார் சைக்கிளின் கம்பி பிரேக்கில் ரப்பர்க் கட்டைகள், குரோம் பூசிய இரும்பு ரிம்மைப் பிடிக்கின்றன. வெயில் காலத்தில் இது ஒருவாறு போதும். ஆனால் ஈரமான குரோம் பரப்பில் ரப்பருக்குப் பிடிப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதால், மழையில் அதே வண்டி பலமடங்கு தூரம் ஓடிய பிறகே நிற்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழைமறைவுப் பகுதி என்று ஆறுதல் கொள்ளலாம். பாலக்காட்டை நோக்கி மேற்கே செல்லச் செல்ல அந்த ஆறுதல் கரைந்துவிடும். சக்கரத்தின் நடுவில், உருளைக்குள் மூடப்பட்டிருக்கும் டிரம் பிரேக் மழையால் பாதிக்கப்படாது, பராமரிப்பும் குறைவு. டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் தட்டு வளைந்தால் சீர்செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குக் கூடுதல் விலை கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம்.

அடுத்தது பின்சக்கரம். புதுச் சக்கரத்தின் கம்பிகள் சுமை ஏறிய முதல் சில வாரங்களில் தளரும். அப்போது கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, எல்லாக் கம்பிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவராவிட்டால், தளர்ந்த கம்பியின் பங்கைப் பக்கத்துக் கம்பி தாங்கி அறுந்துபோகும். ஒன்று அறுந்தால் அடுத்தடுத்து மற்றவையும் அறும். பெரும்பாலும் ப்ரீவீல் (செயின் சுற்றும் பின்பல்சக்கரம்) இருக்கும் பக்கத்துக் கம்பிகளே முதலில் போகும், அங்கேதான் இழுவிசை அதிகம்.

மூன்றாவது, பலரும் கவனிக்காத ஸ்டாண்டு. ஒற்றைக் கால் ஸ்டாண்டில் சுமை வண்டியைச் சாய்த்து நிறுத்தினால் மண் தரையில் அது புதைந்து வண்டி விழும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் அகலமான இரட்டைக் கால் ஸ்டாண்டுதான் சுமை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஏற்றது. ஒரே ஆளாகச் சிலிண்டர் ஏற்ற வேண்டியிருக்கும் பெண்களுக்கு இது வசதி என்ற நிலையைத் தாண்டித் தேவையாகவே ஆகிவிடுகிறது. சேலை உடுத்தி ஓட்டுபவர், நடுக்குழாய் தாழ்ந்த பிரேமையும் செயினை முழுவதும் மூடும் உறையையும் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் குழந்தை அமரும் என்றால், கால் கம்பிக்குள் போகாதபடி சக்கரத்தின் இருபுறமும் வலை அல்லது தகடு மறைப்பும், கால் வைக்கப் படியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கியரைப் பற்றிச் சிறிது. டபுள் பார் சைக்கிளில் பெடல் பக்கம் 44 பற்கள், பின்சக்கரத்தில் 18 பற்கள் என்ற சேர்க்கை பரவலாகக் காணப்படும். இதில் ஒருமுறை பெடலைச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். பின்புறம் 22 பற்கள் உள்ள ப்ரீவீலை மாற்றிவிட்டால் ஒரு சுற்றுக்கு 4.5 மீட்டர் அளவில்தான் நகரும். வேகம் குறையும், ஆனால் மிதிக்கும் பாரமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சுமை வண்டிக்கு இதுவே மிக மலிவான மேம்பாடு. பல கியர்கள் உள்ள வண்டியை வாங்குவதாயின், மிகத் தாழ்ந்த கியர் எவ்வளவு தாழ்ந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதும். மொத்தம் எத்தனை கியர் என்ற எண் கடைக்காரர் பெருமைக்கு உரியது.

மின்மோட்டார் உதவி

எதிர்க்காற்றையும் பாலங்களையும் பற்றிச் சொன்ன கணக்கிலிருந்தே, மோட்டார் எங்கே உதவும் என்பது விளங்கும். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள்ளும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்குள்ளும் இருக்கும் பெடல் உதவிச் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவை அதற்குத் தேவையில்லை. இந்த எல்லையைத் தாண்டிய மோட்டாரைப் பொருத்திவிட்டு, சைக்கிள்தானே என்று ஓட்டினால், விபத்து நேரும்போது பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவராகவே சட்டம் பார்க்கும். ஆகவே சாதாரணச் சைக்கிளை மின்சைக்கிளாக்கும் மாற்றுக் கருவித்தொகுதி வாங்கும்போது, கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் மோட்டாரின் மீது பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும்.

பேட்டரியின் அளவை வாட்-மணியில் கணக்கிட வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. 250 வாட் மோட்டார் முழுத் திறனில் ஓயாமல் ஓடினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ‘ஒருமுறை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர்’ என்ற விளம்பரக் கணக்கு, பெரும்பாலும் எடை குறைந்த ஆள், சுமையின்றி, சமதரையில் பெடலையும் மிதித்துச் செல்லும் நிலைக்குரியது. ஆடி மாதத்து மாலைக்கு அதில் பாதியை எதிர்பார்ப்பது அறிவு. ஈய-அமில பேட்டரி மலிவானது என்றாலும் இதே அளவு ஆற்றலுக்குப் பத்துக் கிலோவைத் தாண்டும். லித்தியம் பேட்டரி மூன்று கிலோ அளவில் முடியும். முன்சக்கரத்தில் மோட்டார் பொருத்துவதாயின், போர்க்கின் நுனியில் அச்சு திரும்பிவிடாமல் பிடிக்கும் தாங்குக் கம்பியையும் சேர்த்துப் பொருத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரின் முறுக்கு விசை போர்க்கின் வாயைப் பிளந்துவிடும்.

எங்கே வாங்குவது

எல்லையில் இருப்பதன் ஒரு நன்மை, இரண்டு மாநிலச் சந்தைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் ஒருபுறம், பாலக்காடு மறுபுறம். மோட்டார் வாகனத்தை ஒரு மாநிலத்தில் பதிந்துவிட்டு இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். பழைய மொபெட்டை உறவினரிடமிருந்து எல்லை கடந்து வாங்கியவர்களுக்கு இதன் அலைச்சல் தெரியும். சைக்கிளுக்கும், மேற்சொன்ன எல்லைக்குட்பட்ட மின்சைக்கிளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு வரி வேறுபாடும் இல்லை. மோட்டார் இல்லாத சைக்கிளுக்கும், சரக்கு டிரைசைக்கிளுக்கும், அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் 12 விழுக்காடாக இருந்த இவ்வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய விகிதத்தில் விலை சொல்லும் கடையில் ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே எங்கே வாங்குவது என்பதை விலையைக் காட்டிலும் பழுதுபார்ப்பே முடிவு செய்ய வேண்டும். என் அளவுகோல் இது: டயர், டியூப், கம்பி, செயின், பிரேக் கட்டை ஆகிய ஐந்தும் உங்கள் ஊரிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் கிடைக்க வேண்டும். 28 அங்குல, 26 அங்குல, 20 அங்குலச் சக்கரங்களுக்கான டயர் எந்தச் சைக்கிள் கடையிலும் தொங்கும். இவற்றுக்கு மாறான அளவுள்ள சக்கரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஒரு பஞ்சருக்காக வாரக்கணக்கில் வண்டி முடங்கும்.

கோயம்புத்தூரின் வார்ப்பாலைகளையும் பம்புசெட் தொழிலையும் சார்ந்து வளர்ந்த பட்டறைகளில் இரும்பு வேலை தெரிந்தவர்கள் நிறைய இருக்கின்றனர் என்பதால், பழைய இரும்புப் பிரேமை வெட்டி நீட்டி லாங்டெயில் ஒன்றைச் செய்துகொள்வதும் நடக்கக்கூடியதே. அதில் ஒரே எச்சரிக்கை, அலுமினியப் பிரேமைப் பட்டறையில் வெல்டிங் செய்யக் கூடாது. தொழிற்சாலையில் வெப்பப் பதம் செய்து பெற்ற உறுதி, வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் போய்விடும். பார்வைக்கு ஒட்டியதுபோல் தெரிந்து, சுமையில் ஒருநாள் முறியும்.

பழைய வண்டி வாங்குவதாயின், பின்னால் நின்று இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சீட்டுக்குக் கீழே குழாய்கள் கூடும் மூட்டு, போர்க்கின் தலைப்பகுதி, பெடல் அச்சு உள்ள மூட்டு ஆகிய மூன்று இடங்களில் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தென்பட்டால் அது பெரும்பாலும் இரும்பின் விரிசல்தான். ஒரு பெடலைக் கீழே அழுத்தி மற்றதை ஆட்டிப் பார்த்தால், பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருப்பது கையில் தெரியும். புதிதாக அடித்த பெயின்ட் எதையோ மறைக்கிறது என்று எடுத்துக்கொண்டு விலை பேசுவதில் தவறில்லை.

புதியதோ பழையதோ, சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்து வாங்கக் கூடாது. வெறும் வண்டிகள் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். தெருவிலுள்ள மளிகைக் கடையில் ஒரு அரிசிச் சிப்பத்தைச் சிறிது நேரத்துக்குக் கேட்டு வாங்கி, “அண்ணே, இதை வச்சு ஒரு சுத்துப் போயிட்டு வரேன்” என்று சொன்னால் மறுக்கும் சைக்கிள் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. சுமையுடன் ஏறி அமர முடிகிறதா, மெதுவாகச் செல்லும்போது முன்பக்கம் ஆடுகிறதா, ஒரு கையை எடுத்துச் சைகை காட்ட முடிகிறதா, பிரேக்கைப் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, இறங்கிய பிறகு ஒரே ஆளாக ஸ்டாண்டு போட முடிகிறதா என்பனவற்றை அந்த ஒரு சுற்றிலேயே அறிந்துகொள்ளலாம்.

விலை முடிந்த பிறகு, ரசீதில் பிரேம் எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிளுக்குப் பதிவெண் இல்லாததால், வண்டி களவுபோனால் பொள்ளாச்சிக் காவல் நிலையத்திலாயினும் சித்தூர்க் காவல் நிலையத்திலாயினும் அது உங்களுடையது என்று காட்டுவதற்குச் சீட்டுக் குழாயின் மீதோ பெடல் மூட்டின் அடியிலோ பொறித்திருக்கும் அந்த எண்தான் இருக்கிறது. கடை வாசலிலேயே வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரசீதிலுள்ள எண்ணும் இரும்பிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.